பிணியாளரைப் பேணும் இடத்தில் மாற்றம்

போர்ட் கொச்சியில் நடைபெற்ற நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமொன்றில், மருத்துவமனையில் துப்புரவுப் பணி புரியும் அம்மையார் ஒருவர் எழுந்து எம்மிடம் ஒரு வினா விடுத்தார். தாம் வேலை செய்யும் இடத்தில் அடிக்கடி புதிய முறைகள் புகுத்தப்படுகின்றன என்றும், அவை பெரும்பாலும் நல்லவையே என்றும், ஆயினும் ஒவ்வொன்று வரும்போதும் அதன் சுமை தம்மைப் போன்றோர் தலையிலேயே வந்து இறங்குகிறது என்றும் கூறிவிட்டு, "நல்லதைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைப்பது தம்மம் ஆகுமா, ஐயா?" என்று கேட்டார். மனம் திருந்தினால் முறை தானே திருந்தும் என்று அன்று யாம் விடை பகர்ந்தோம். அம்மையார் மறுமொழி கூறாது அமர்ந்தார். அவ்வமைதி உடன்பாடு அன்று என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். உபதேசம் செய்வோர்க்கு எளிதில் வாய்க்கும் விடை அது. பிணியாளர்க்குப் பயன்படாத விடையும் அதுவே. ஆதலின் அவ்வினாவை மீண்டும் எடுத்து ஆராய்வது எம் கடமையாயிற்று.

எம் விடையில் இருந்த குறை யாது? மனம் திருந்தும் வரை பிணியாளர் காத்திருக்க இயலாது என்பதே. வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் 1840களில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவரும் மருத்துவ மாணவரும் பயின்றனர். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயின்றனர். மருத்துவர் பிரிவில் தாய்மார் காய்ச்சலுற்று மாண்டது மருத்துவச்சியர் பிரிவைக் காட்டிலும் மிக அதிகம். தம்மை அப்பிரிவில் சேர்க்க வேண்டாமென ஏழைப் பெண்டிர் மண்டியிட்டு மன்றாடினர். பிணவறையில் உடல்களை அறுத்துப் பயின்ற கைகளோடு நேரே மகப்பேற்று அறைக்கு வருவதே இதற்குக் காரணமென இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் கண்டார். 1847 மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே நுழைய வேண்டுமென ஆணையிட்டார். ஏப்ரலில் நூறு தாய்மாருள் பதினெண்மர் மாண்ட அதே பிரிவில், ஜூனில் மாண்டவர் நூற்றுக்கு இருவர் அளவினரே.

இத்துணைத் தெளிவான சான்று இருந்தும் அம்முறை ஐரோப்பிய மருத்துவமனைகளில் வேரூன்றப் பல ஆண்டுகள் ஆயின. தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்களின் மனம் இடந்தரவில்லை. செம்மல்வைஸும் பின்னாளில் தம்மை மறுத்தோரைக் கொலைஞர் என்றே வெளிப்படைக் கடிதங்களில் சாடினார். 1865இல் மனநோயர் விடுதியொன்றில் அவர் உயிர் நீத்தார். அவர் உரைத்தது உண்மை. அவர் சினமும் நியாயமே. ஆயின் மருத்துவர் மனம் திருந்தக் காத்திருந்த அவ்வாண்டுகளில் மாண்டோர் தாய்மார். திருந்த மறுத்தோர் அல்லர். ஆகவே, மனம் திருந்தட்டும் என்று கைகட்டி நிற்பது கருணையாகத் தோன்றினும், எவர்மீது காட்டும் கருணை அது என்று கேட்க வேண்டியுள்ளது.

இனி, ததாகதர் இவ்விடத்தில் யாது செய்தார் என்று பார்ப்போம். விநய பிடகத்தின் மகாவக்கத்தில் உள்ள நிகழ்ச்சி நம் அன்பர் பலர் கேட்டதே. எனினும் அதனை யாம் இதுகாறும் கருணைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே கூறி வந்தோம். ஒரு நிறுவனம் எவ்வாறு மாற்றப்பட்டது என்பதற்கும் அதுவே எடுத்துக்காட்டு என்பது அம்மையாரின் வினாவிற்குப் பிறகே எமக்குப் புலப்பட்டது.

ஒரு பிக்கு வயிற்றுப்போக்கால் நலிந்து தம் மலசலத்திலேயே கிடக்கின்றார். ஆனந்தரோடு உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வரும் பகவர் அவரைக் காண்கின்றார். உம்மைப் பேணுவார் உளரோ என வினவ, இல்லை என்கிறார் பிக்கு. ஏன் இல்லை என மேலும் வினவ, மற்றப் பிக்குகளுக்குத் தாம் ஒரு பயனும் செய்வதில்லை என்றும், ஆதலின் அவர்களும் தம்மைப் பேணுவதில்லை என்றும் விடை வருகிறது. பகவர் ஆனந்தரை நீர் கொணரச் செய்கிறார். பகவர் நீர் வார்க்க ஆனந்தர் உடலைக் கழுவுகிறார். தலைப்பக்கம் பகவரும் கால்பக்கம் ஆனந்தரும் பற்றித் தூக்கிப் படுக்கையில் கிடத்துகின்றனர். அதன் பின்னரே சங்கத்தைக் கூட்டுகிறார்.

கூட்டியதும் கடிந்துரைத்தாரா எனின், இல்லை. இன்ன உறைவிடத்தில் பிணியுற்ற பிக்கு ஒருவர் உளரா, அவர்க்கு நோய் யாது, பேணுவார் உளரா, ஏன் இல்லை என்று, தாம் முன்னரே அறிந்தவற்றைச் சங்கத்தார் வாயினின்றும் வரவழைக்கின்றார். அவர் நமக்குப் பயன்படுவதில்லை, ஆதலின் பேணவில்லை என்று அவர்களே சொல்ல நேர்கிறது. சொன்னபோதே அச்சொல்லின் சிறுமை அவர்களுக்குக் கேட்டிருக்கும். தாயும் தந்தையும் அருகில் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவர் என்னும் கருத்தில் அவர் அறிவுறுத்திய பின்னர், விதி பிறக்கிறது. அவ்விதியும் "அனைவரும் அன்பாயிருங்கள்" என்பது போன்ற பொதுவுரை அன்று. உபாத்தியாயர் இருப்பின் அவர் பேண வேண்டும்; ஆசிரியர் இருப்பின் அவர்; மாணவர் இருப்பின் அவர்; இவ்வாறு எவரும் இல்லாவிடில் சங்கமே பேண வேண்டும்; தவறின் அது குற்றம். இன்ன பிணியாளர்க்கு இன்னார் பொறுப்பு என்று ஆள் குறிக்கப்பட்டுவிட்டது.

இத்துடனும் நிற்கவில்லை. பேணுவோன் மருந்து கலக்க அறிந்திருக்க வேண்டும், ஆகும் உணவும் ஆகாத உணவும் தெரிந்திருக்க வேண்டும், ஊதியம் கருதாமல் அன்பு கருதிப் பேண வேண்டும், மலம், சிறுநீர், வாந்தி, உமிழ்நீர் இவற்றை அகற்ற அருவருக்கலாகாது, அறவுரையால் பிணியாளரைத் தேற்றவும் வல்லனாக வேண்டும் என்று தகுதிகள் ஐந்து வகுக்கப்பட்டன. எளிதில் பேணத்தக்க பிணியாளனின் இயல்புகளும் கூறப்பட்டன. ஏனெனில் பிணியாளர் அனைவரும் பொறுமைசாலிகள் அல்லர், அதனைப் பேணுவோர் அறிவர். பிணியுற்ற பிக்கு இறந்துவிடின் அவருடைய சீவரமும் பிட்சா பாத்திரமும் பேணியவர்க்கே உரியன என்றும் விதிக்கப்பட்டது. ஒருவன் செய்த பணியைச் சங்கம் கண்டுகொண்டது என்பதற்கு அது அடையாளம்.

ஆக, கட்டாயம் இங்கும் உண்டு. தவறினால் குற்றம் என்னும் சொல் விதியிலேயே இருக்கிறது. ஆயின் அக்கட்டாயம் எப்போது வந்தது என்பதை நோக்குக. சங்கத்தின் தலைவர் தம் கையால் நீர் வார்த்த பின்னர் வந்தது. ஏன் என்று கேட்ட பின்னர் வந்தது. மேலும், மலசலம் அகற்றும் பணி ஒரு குலத்தின் தலையில் கட்டப்படவில்லை. நம் முன்னோர்மீது பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட பணி எதுவோ, அதனைச் சாக்கிய குலத்து அரசிளங்குமரனாய்ப் பிறந்தவர் தொடங்கி வைத்தார். அதன்பின் அது உபாத்தியாயரின் கடமையாயிற்று.

"ஏன்" என்று கேட்பது அவ்வளவு பெரிதா என அன்பர் சிலர் எண்ணக்கூடும். யாம் உபதேசப் பணிக்கு வருமுன் நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவர். பஞ்சு பிரிக்கும் பகுதியிலும் கார்டிங் பகுதியிலும் பறக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பது மெய். எம் ஆலையில் ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டப்பட்டது: அனைவரும் மூக்கையும் வாயையும் மூடும் உறை அணிய வேண்டும், அணியாதார் கூலியில் பிடித்தம் செய்யப்படும். உறைகளும் தந்தனர். ஆய்வாளர் வரும் நாளில் அனைவரும் அணிந்தோம். மற்ற நாட்களில் அவை எந்திரத்தின் பக்கத்து ஆணியில் தொங்கின. நூல் அறாதிருக்க ஈரக்காற்று ஊட்டப்பட்ட அக்கூடத்தில், உறை சில நிமிடங்களில் நனைந்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும், மூச்சு முட்டும், ஒருவர் கூப்பிடுவது மற்றவர்க்குக் கேளாது. மாற்று உறை ஷிப்டுக்கு இரண்டு தந்திருந்தால் அணிந்திருப்போம். அதனைச் சொல்ல எமக்கு வாய் இருந்தது. கேட்கத்தான் எவரும் வரவில்லை. மேஸ்திரியும் உறையின்றியே சுற்றி வந்தார். எம்முடன் வேலை செய்த ஒருவர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார். அவ்விதி நல்ல விதியே. நடவாத நல்ல விதி அவர்க்கு யாது செய்தது?

வினா விடுத்த அம்மையாரின் குறையும் இதனின் வேறன்று. மருத்துவமனைக் கழிவைப் பற்றி நம் நாட்டில் 1998இல் விதிகள் வந்தன. 2016 மார்ச்சில் அவற்றிற்கு மாற்றாகப் புதிய விதிகள் வந்தன. குருதி தோய்ந்த கட்டுத்துணியும் உடற்பகுதிகளும் மஞ்சள் பையில். குழாய், கையுறை முதலிய பிளாஸ்டிக் பொருள்கள் சிவப்புப் பையில். ஊசியும் கத்தியும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடி நீலப் பெட்டியில். கேரளத்தில் இவ்வாறு பிரித்த கழிவின் பெரும்பகுதி, இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை பாலக்காட்டில் அமைத்த நிலையத்திற்கு நெடுங்காலம் அனுப்பப்பட்டு வந்தது. விதியை உள்ளபடி படித்தால் அது நியாயமானது என்பது விளங்கும். கழிவு எவ்விடத்தில் உண்டாகிறதோ அவ்விடத்திலேயே பிரிக்க வேண்டும் என்கிறது. அஃதாவது, ஊசி குத்தியவர் ஊசியை வெள்ளைப் பெட்டியில் இட வேண்டும், மருத்துவராயினும் அதுவே. கழிவைக் கையாள்வோர்க்குக் கையுறையும் பயிற்சியும் தருதல், கல்லீரல் அழற்சி பி நோய்க்கும் தசை விறைப்பு நோய்க்கும் தடுப்பூசி இடுதல் ஆகியன நிறுவனத்தின் கடமை என்கிறது.

அம்மையார் பணி செய்த இடத்தில் நடந்ததோ வேறு. வண்ணப் பைகள் வந்தன. சுவரில் படமும் மாட்டினர். மேலே உள்ளோர் முன்போலவே கைக்கு எட்டிய பையில் எறிந்து சென்றனர். பிரிக்கும் வேலை பின்கட்டிற்கு இறங்கிற்று. மஞ்சள் பைக்குள் கிடந்த ஊசி அம்மையாரின் விரலில் தைத்தது. கலந்து கட்டியதற்கு விளக்கம் கேட்ட ஓலையும் அவர் பெயருக்கே வந்தது. தடுப்பூசி போடப்பட்டிருந்ததா என்று யாம் கேட்டோம். அப்படி ஒன்று உண்டு என்பதையே அன்றுதான் அறிந்தார். பின்னர் இரத்தப் பரிசோதனையில் கேடில்லை என்று தெரியும் வரை அவர் வீட்டில் தம் பேரக்குழந்தையைத் தூக்கவில்லை. கட்டாயம் தம்மமாகுமா என்று அவர் கேட்டது தத்துவ விசாரணைக்காக அன்று.

ஆகவே எம் விடையை இப்போது மாற்றிக்கொள்கிறோம். பிணியாளரின் உயிரைக் காக்கும் முறையைக் கட்டாயமாக்குவது அறத்திற்கு மாறன்று. மேலிருப்பவரை விட்டுவிட்டுக் கீழிருப்பவரை மட்டும் கட்டும் கட்டாயமே அறத்திற்கு மாறு. கீழே நிற்பவர் மேலே நிற்பவரைப் பார்த்து, "நில்லுங்கள், முறை தவறுகிறது" என்று அச்சமின்றிச் சொல்லக் கூடுமாயின், அந்த விதி உயிருள்ள விதி. இது வெறும் ஆசையன்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சார்ந்த பீட்டர் புரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர், பெருநாளத்தில் குழாய் செருகுவதற்கு ஐந்தே படிகள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தார். முதற்படி கை கழுவுதல்! வியன்னாவில் 1847இல் சொன்னதேதான். ஆயின் இம்முறை, மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியர்க்கு அளிக்கப்பட்டது. நிறுத்திய செவிலியர்க்கு நிர்வாகம் துணை நிற்கும் என்றும் உறுதி கூறப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதனைக் கைக்கொண்டனர். குழாய் வழியாக இரத்தத்தில் பரவும் நோய்த்தொற்று மூன்றில் இரு பங்கு அளவிற்குக் குறைந்ததாக 2006இல் வெளியிட்டனர். பட்டியலைப் பலரும் புகழ்கின்றனர். எமக்கோ அச்செவிலியரின் வாய்ச்சொல்லே பெரிதாகப் படுகிறது.

இனி நம் கேரளத்திற்கு வருவோம். தீரா நோயுற்றோரை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டிற்கு அனுப்பும் வழக்கம் இங்கும் இருந்தது. மகாவக்கத்துப் பிக்கு பிறர்க்குப் பயன்படாமையால் கைவிடப்பட்டார். இவர்களோ மருத்துவம் இவர்க்குப் பயன்படாது என்பதனால் கைவிடப்பட்டனர். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிக்கும் சங்கமொன்றைத் தொடங்கினர். அவர்கள் முன் நின்ற முதல் தடை ஒரு சட்டம். 1985இன் போதைப்பொருள் சட்டம் விதித்த உரிமங்களின் சிக்கலால், கடும் வலி நீக்கும் மார்பின் மருந்தை மருத்துவமனைகள் வாங்குவதே கைவிட்டுப் போயிற்று. 1997இல் இப்பெரிய நாடு முழுவதற்கும் அதன் பயன்பாடு 18 கிலோ அளவிற்குச் சுருங்கிவிட்டது. களவாடப்பட்டுத் தீயோர் கைக்குச் செல்லும் என்ற அச்சம் காரணம். கோழிக்கோட்டார் 1,723 பிணியாளர்க்கு ஈராண்டு அம்மருந்தை வீட்டிலேயே வைத்து உண்ணத் தந்து, ஒன்றும் வழிமாறிச் செல்லவில்லை என்பதைக் கணக்கோடு 2001இல் உலகிற்குக் காட்டினர். அச்சத்தைத் திட்டாமல் அச்சத்திற்கு விடை கூறினர். நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது 2014இல்.

மற்றொரு மாற்றம் இதனினும் ஆழமானது. நடக்க இயலாதோர் மருத்துவமனைக்கு எவ்வாறு வருவர்? ஆதலின் பணியே வீடு நோக்கிச் சென்றது. வட மாவட்டங்களில், வாரத்திற்கு 2 மணி நேரமேனும் ஒதுக்கக் கூடிய அயலாரைச் சேர்த்து, 16 மணி நேரம் வகுப்பும் 4 நாள் நேர்ப்பயிற்சியும் தந்து, அவர்களைப் பேணுவோராக்கினர். ஆட்டோ ஓட்டுநரும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தனர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. ஊராட்சிகளும் நகராட்சிகளும் செவிலியரை அமர்த்தி வீடுகளுக்கு அனுப்பலாயின.

அரசு ஏற்றதில் நன்மை பெரிது. அன்பர் கிடைத்த ஊரில் மட்டும் நடந்த பணி, அன்பர் இல்லாத ஊருக்கும் சென்றது. ஆயினும் ஒரு குறையும் சொல்வோம். வீட்டுப் பணிக்குச் செல்லும் செவிலியர் ஒருவர் எம்மிடம், இத்தனை வீடு சென்றாயா என்றே கேட்கிறார்கள், சென்ற வீட்டில் எவ்வளவு நேரம் அமர்ந்தாய் என்று கேட்பதில்லை என்றார். பதிவேட்டில் எழுத எண்ணிக்கை எளிது. வலி குறைந்ததா, மனைவி இரவில் உறங்கினாளா என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் சிறிது.

நம் போர்ட் கொச்சியில் வெளி மைதானத்தை அடுத்த தோபி கானாவை அன்பர் அறிவர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழியினர் அங்கே இன்றும் தொழில் செய்கின்றனர். அவர்களுள் முதியவர் ஒருவர் எம் நண்பர். நாற்பதாண்டு மருத்துவமனை விரிப்புகளை வெளுத்தவர். புற்றுநோய் முற்றிய நிலையில், வெளியூர் மருத்துவமனை ஒன்று அவரை வீட்டிற்கு அனுப்பிற்று. வலிக்கு யாது செய்வது என்பதற்கு ஒரு சொல்லும் சீட்டில் இல்லை. சில இரவுகள் அவர் கூவியது தெருவெல்லாம் கேட்டது. பின்னர் வீட்டுப் பணிச் செவிலியர் வந்தார். முதலில் முதியவரிடம் அன்று, அவர் மனைவியிடம் பேசினார். இரவில் எந்த நேரம் வலி மிகுகிறது என்று கேட்டார். புண்ணைக் கழுவினார், புரட்டிப் படுக்க வைக்கும் வகையை மருமகளுக்குக் காட்டினார். மருந்து தொடங்கிய சில நாட்களில் கூவல் நின்றது. அன்று அவர் எம்மைப் பார்த்து முதன்முதல் கேட்டது, மழை நின்றதா, துணி உலர்கிறதா என்பதே.

செவிலியர் வாரம் ஒருமுறை வர இயலும். மற்ற நாட்களில்? அதனைப் பேச நம் கூட்டம் மீண்டும் கூடியது. ஆள் முறை வகுப்போம் என்றோம். உடனே ஓர் இளைஞர், கழுவும் வேலைக்குப் பழக்கமுள்ள அம்மையார் முதலில் செல்லட்டும் என்றார். கெட்ட எண்ணத்தால் சொல்லவில்லை. அவர் வாயில் அது தானாக வந்தது. அதுதான் எமக்கு அச்சமூட்டியது. அம்மையார் எழுந்து, "வருகிறேன், ஆனால் என் பெயர் ஐந்தாவதாக இருக்கட்டும்" என்றார். அப்போது விளங்கிற்று அவர் வினாவின் முழுப்பொருள். பட்டியலில் முதற்பெயராக எம் பெயரை எழுதினோம், இரண்டாவதாகச் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற எழுத்தர், மூன்றாவதாக அவ்விளைஞர், நான்காவதாகக் கணக்குப் பார்க்கும் அன்பர். எப்படிப் பிடிப்பது, கையுறை எப்படிக் கழற்றுவது என்று எங்கள் நால்வர்க்கும் கற்பித்தவர் அம்மையாரே. முழங்கையைத் தொட்டுத் திருத்தினார். தலைவரை இருமுறை மீண்டும் செய்யச் சொன்னார்.

முதல்நாள் யாமும் தலைவரும் சென்றோம். உடல் துடைத்தோம். விரிப்பை மாற்றும்போது எம் கை தடுமாறிற்று. நாற்பதாண்டு விரிப்பு வெளுத்தவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓரத்த உள்ள மடிச்சுச் சொருகுங்க தம்பி, சுருக்கம் விழுந்தா முதுகுல புண்ணு வரும்" என்றார். மூன்றாம் முறை சரியாயிற்று.